நீதிபதி ஆணையரானபோது: லீ லோவிஞ்சரின் எட்டு வருடங்கள்

லீ லோவிஞ்சர் என்ற பெயர் இன்று அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது. மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். அங்கிருந்து வாஷிங்டனுக்கு வந்து மத்திய நீதித்துறையின் ஏகபோகத் தடுப்புப் பிரிவுக்குத் தலைவரானார், அப்புறம் வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றையும் கண்காணிக்கும் எஃப்.சி.சி. என்ற தகவல் தொடர்பு ஆணையத்தில் ஆணையரானார். இவ்வளவும் 1960க்கும் 1968க்கும் நடுவில் நடந்தது. தீர்ப்புச் சொல்லிப் பழகிய ஒருவரை, ஒரு துறையையே மேய்க்கும் நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு எங்கே கை வைக்கக் கூடாது என்பது கூட இருந்த ஆணையர்கள் பலரைவிட அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. எங்கே கை வைத்தே ஆக வேண்டும் என்பது தெரியவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒரே பழக்கம்தான் என்று நினைக்கிறேன்.

1913 ஏப்ரல் 24இல் செயின்ட் பால் நகரில் பிறந்தவர். அப்பா குஸ்டவஸ் லோவிஞ்சரும் நீதிபதி, அதே ஊர் மாவட்ட நீதிமன்றத்தில். தங்கை ஜேன் லோவிஞ்சர் பிற்காலத்தில் உளவியலில் பெரிய பெயர் எடுத்தவர், மனித மனத்தை எப்படி அளப்பது என்பதுதான் அவர் ஆராய்ச்சி. அண்ணனுக்கும் அந்த அளக்கும் ஆசை இருந்தது. அவர் அளக்க நினைத்தது சட்டத்தை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1936இல் சட்டம் முடித்து, அரசு வேலை, போர்க்காலத்தில் கடற்படை, அப்புறம் வக்கீல் தொழில் என்று போய்க்கொண்டிருந்தவர், 1949இல் மினசோட்டா சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 'ஜூரிமெட்ரிக்ஸ்' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது அந்தக் கட்டுரைதான். சட்டத்தைப் பற்றி நூற்றாண்டுகளாகத் தத்துவம் பேசியது போதும், இனி எண்ணிப் பார்ப்போம் என்பது அதன் சாரம். சாட்சிகள் எவ்வளவு நம்பகமாகப் பேசுகிறார்கள், நீதிபதிகள் எப்படி முடிவெடுக்கிறார்கள், குவிந்து கிடக்கும் தீர்ப்புகளிலிருந்து வேண்டியதை எப்படித் தேடி எடுப்பது என்று அவர் அடுக்கிய கேள்விகளைப் பார்த்தால், கணினி என்பதே ஓர் அறையை நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில் எழுதியது என்று நம்பவே கஷ்டமாக இருக்கும். அந்தப் பெயரில் அமெரிக்க வக்கீல் சங்கத்தின் ஓர் ஆய்விதழ் இன்றும் வருகிறது.

1960இல் மினசோட்டா ஆளுநர் ஆர்வில் ஃப்ரீமன் அவரை மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். (அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி உச்ச நீதிமன்றம் உண்டு, நம் ஊர் ஏற்பாட்டோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அந்த நாற்காலி சூடாவதற்குள் 1961இல் கென்னடி ஆட்சிக்கு வந்தார். ஃப்ரீமன் வேளாண்மை அமைச்சராகப் போக, லோவிஞ்சருக்கும் அழைப்பு வந்தது. நீதித்துறைக்குத் தலைவராக வந்த ராபர்ட் கென்னடி, ஏகபோகத் தடுப்புச் சட்டத்தைத் தீவிரமாக அமல்படுத்துவதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டபோது, கிட்டத்தட்ட ஒரு மதத்தைப் போல நம்புகிறேன் என்றாராம் லோவிஞ்சர். இந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு வாக்கெடுப்பில் இதே மனிதர் எந்தப் பக்கம் நின்றார் என்று பார்க்கும்போது தேவைப்படும்.

அந்தப் பிரிவில் அவர் காலத்து வழக்குகளில் பெரியது பிலடெல்பியா நேஷனல் பேங்க் வழக்கு. அந்த ஊரின் இரண்டு பெரிய வங்கிகள் ஒன்றாகச் சேரப் பார்த்தன. சேர்ந்தால் அந்த வட்டாரத்து வங்கித் தொழிலில் குறைந்தது 30 சதவீதம் ஒரே கைக்குப் போகும். வங்கி இணைப்புக்கு ஏகபோகத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்பதே அப்போது தீராத கேள்வி. வங்கித் துறைக்குத் தனிக் கட்டுப்பாட்டாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சம்மதித்த பிறகு நீதித்துறைக்கு இதில் என்ன வேலை என்பது வங்கிகளின் வாதம். அரசு தரப்பில் உச்ச நீதிமன்றத்தில் லோவிஞ்சரே நின்று வாதாடினார். 1963 ஜூன் 17இல் அரசு வென்றது. இவ்வளவு பங்கு ஒரே இடத்தில் குவியும் இணைப்பு போட்டியைக் கெடுக்கும் என்றே முதலில் எடுத்துக்கொள்ளலாம், கெடுக்காது என்று காட்டும் பொறுப்பு சேருகிறவர்களுடையது என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். எண்ணை அளந்து, அந்த எண்ணிலிருந்து ஒரு அனுமானத்துக்குப் போகும் இந்த முறை லோவிஞ்சரின் மனசுக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இணைப்பு வழக்குகளில் இன்றைக்கும் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பு வந்த அதே சமயத்தில்தான் அவர் எஃப்.சி.சி.க்கு மாறினார். காலியானது நியூட்டன் மினோவின் இடம். மினோ யாரென்றால், 1961 மே மாதம் ஒளிபரப்பு நிறுவனத்தார் நிறைந்த கூட்டத்தில் எழுந்து நின்று, உங்கள் தொலைக்காட்சி ஒரு பரந்த பாழ்நிலம் என்று முகத்துக்கு நேரே சொன்னவர். அந்தப் பேச்சு நாடு முழுக்கப் பேசப்பட்டது. அவர் போய் அந்த இடத்துக்கு லோவிஞ்சர் வருகிறார் என்றதும், ஏகபோகத்தை அடித்து நொறுக்கியவர் ஒளிபரப்பாளர்களையும் ஒரு கை பார்ப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. நடந்தது வேறு.

எஃப்.சி.சி. எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் மேற்கொண்டு புரியும். அப்போது ஏழு ஆணையர்கள். அலைவரிசை மக்கள் சொத்து. அதை ஒரு நிலையத்துக்கு மூன்று வருடத்துக்கு லைசென்ஸாகக் கொடுப்பார்கள். மூன்று வருடம் முடிந்தால் திரும்ப வந்து புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 1934ஆம் வருடச் சட்டம் இதற்கு வைத்த அளவுகோல் பொதுநலன் என்பதுதான், அதற்கு மேல் விளக்கம் கிடையாது. அதே சட்டத்தின் 326ஆம் பிரிவு, ஆணையம் தணிக்கை செய்யக் கூடாது என்கிறது. ஆக, ஒரு நிலையம் மக்களுக்கு நல்லது செய்ததா என்று பார்த்து லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், ஆனால் அது என்ன ஒளிபரப்புகிறது என்பதில் தலையிடக் கூடாது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துப் படிப்பது என்பதில்தான் அங்கே இருந்த ஒவ்வொருவரும் பிரிந்தார்கள்.

லோவிஞ்சர் 326ஆம் பிரிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நல்ல நிகழ்ச்சிக்கு இருக்க வேண்டிய அம்சங்கள் என்று 1960இல் ஆணையம் ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தது. குழந்தைகள் நிகழ்ச்சி, விவசாயம், செய்தி என்று நீளும் அந்தப் பட்டியலில் மத நிகழ்ச்சியும் ஒன்று. லைசென்ஸ் கேட்டு வருகிறவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மத நிகழ்ச்சி போடப்போகிறார் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பல நிறுவனங்கள் வக்கீல் சொன்னபடி ஏதோ ஒரு எண்ணை நிரப்பிவிட்டுப் போய்விடும். 1964இல் ஒரு விண்ணப்பதாரர் மத நிகழ்ச்சி உட்படச் சில வகைகளுக்கு நேரமே ஒதுக்கவில்லை. ஆணையம் உடனே அதைக் கேள்வி கேட்டது. லோவிஞ்சர் மறுப்புரை எழுதினார். மத நிகழ்ச்சி போடுகிறாயா என்று லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அரசு கேட்டாலே அது மதத்தை ஊக்குவிப்பதுதான், பேச்சுச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் இதை அனுமதிக்கவில்லை என்றார். அப்புறம் இதையே விரிவாக ஒரு சட்டக் கட்டுரையாகவும் எழுதினார். அதைப் படித்தால் அவர் மேல் மரியாதை வருகிறது. மற்றவர்கள் வழக்கமான படிவம்தானே என்று விட்டுவிட்ட ஒரு கட்டத்தில், அரசு குடிமகனின் தோளில் கை போடுவதைக் கண்டுபிடித்தவர் அவர். நல்ல நீதிபதிக்கு இருக்க வேண்டிய கண் அது.

நிகழ்ச்சியின் தரம் பற்றியும் இதே நிலைதான். தொலைக்காட்சி பொன் வாத்து, ஆனால் அது இடுவது முட்டைப் பொரியல், உயர்ந்த மீன் முட்டை இடவில்லை என்று அதை அடிப்பதில் பயனில்லை, மேலும் அதிகம் பேருக்குப் பிடித்தது பொரியல்தான் என்றார் ஒரு தடவை. மினோவுக்கு நேர் பதில் மாதிரி இருக்கிறது. தொலைக்காட்சி எழுத்தறியாதவரின் இலக்கியம், ஏழையின் செல்வம் என்று இன்னோரிடத்தில் எழுதினார். சமூகம் தன்னைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி அது, ஆனால் ஒவ்வொருவரும் அதில் தன் மனதில் இருப்பதைத்தான் பார்க்கிறார்கள் என்று 1968இல் ஒரு கொள்கையாகவே விரித்தார். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. மக்களுக்குப் பிடித்தது என்பதை யார் அளந்தார்கள்? விளம்பரதாரருக்காக எடுத்த கணக்கைத்தான் மக்களின் விருப்பம் என்று சொல்கிறோம். அளவீட்டைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர் இந்தக் கேள்வியை இன்னும் கறாராகக் கேட்டிருக்கலாம். ஆனாலும், ஏழு பேர் வாஷிங்டனில் உட்கார்ந்து ஒரு நாட்டின் ரசனையைத் திருத்தக் கூடாது என்ற அவருடைய அடிப்படைக் கருத்தில் குறை சொல்ல முடியாது.

அவர் தானே போட்ட கோட்டைத் தாண்டிய ஓர் இடமும் உண்டு. 1967இல் ஜான் பான்சாஃப் என்ற இளம் வக்கீல், சிகரெட் விளம்பரம் போடும் நிலையங்கள் புகைப்பதன் கேட்டைப் பற்றியும் பேச நேரம் தர வேண்டும் என்று எழுதினார். சர்ச்சைக்குரிய விஷயத்தில் இரு தரப்புக்கும் இடம் கொடு என்ற நியாயக் கோட்பாட்டை விளம்பரத்துக்கும் நீட்டும் கோரிக்கை இது. ஆணையம் ஏற்றுக்கொண்டது. லோவிஞ்சரின் கொள்கைப்படி அவர் எதிர்த்திருக்க வேண்டும். சட்டப்படி தனக்குச் சந்தேகம் இருப்பதை ஒளிக்காமல் எழுதிவிட்டு, இவ்வளவு தெரிந்த பிறகும் இளசுகளைப் புகைக்கத் தூண்டுவது பாவத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் காரியம் என்ற உணர்வினால் உடன்படுகிறேன் என்று சேர்த்தார். நீதிபதி அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மனிதர் பேசிய இடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி ஜாக்சன் ஊருக்கு வருவோம். இந்த ஆய்வில் எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் டபிள்யூ.எல்.பி.டி. என்று ஒரு தொலைக்காட்சி நிலையம். அது சென்றடையும் பகுதியில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கறுப்பின மக்கள். 1955இல் என்.பி.சி. என்ற தேசியத் தொலைக்காட்சி வலையமைப்பின் நிகழ்ச்சி ஒன்றில் கறுப்பின வக்கீல் தர்குட் மார்ஷல் பேச ஆரம்பித்ததும், ஜாக்சன் வீடுகளில் படம் போய், கேபிள் கோளாறு, மன்னிக்கவும் என்ற அட்டை வந்து நின்றது. கோளாறு எதுவும் இல்லை. வேண்டுமென்றே வெட்டியதாக நிலையத்தின் மேலாளரே பிற்பாடு பெருமையாகச் சொன்னார் என்று பதிவாகியிருக்கிறது. நிறப் பிரிவினையை ஆதரிப்பவர்களுக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும், எதிர்ப்பவர்களுக்குக் கிடைக்காது. வருடக்கணக்கில் இதுதான் நிலைமை.

1964 மார்ச்சில் ஐக்கிய கிறிஸ்து சபையின் தகவல் தொடர்பு அலுவலகத்தை நடத்திய எவரெட் பார்க்கர் ஒரு காரியம் செய்தார். உள்ளூர்த் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வெளியே பெயர் தெரியாமல், ஒரு வாரம் முழுக்க அந்த நிலையத்தின் ஒளிபரப்பைப் பார்த்துக் குறிப்பெடுக்க வைத்தார். யார் திரையில் வந்தார்கள், எவ்வளவு நேரம் வந்தார்கள், என்ன சொன்னார்கள், எல்லாமே கணக்காக வந்தது. லோவிஞ்சர் 1949இல் கேட்டது இந்த மாதிரி ஆதாரத்தைத்தானே? ஊகம் இல்லாமல் எண்ணிக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்கள். லைசென்ஸைப் புதுப்பிக்காதே என்று மனு போட்டார்கள்.

1965 மே மாதம் ஆணையம் முடிவு சொன்னது. மனு போட்ட பார்வையாளர்களுக்கு வழக்காடும் தகுதியே இல்லை, ஏனென்றால் அவர்களுக்குப் பண நஷ்டமோ அலைவரிசைக் குறுக்கீடோ ஏற்படவில்லை. விசாரணையும் கிடையாது. நிலையத்துக்கு வழக்கமான மூன்று வருடத்துக்குப் பதில் ஒரு வருட லைசென்ஸ், நல்லபடியாக நடந்துகொள் என்ற அறிவுரையோடு. தலைவர் வில்லியம் ஹென்றியும் கென்னத் காக்ஸும் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் லோவிஞ்சர் இல்லை.

இங்கேதான் அந்தப் பழக்கம் வேலை செய்கிறது. நீதிபதி வழக்கைத் தேடிப் போவதில்லை, வாசலுக்கு வந்தால் கேட்கிறார், வந்தவருக்குத் தகுதி உண்டா என்று முதலில் பார்க்கிறார். நீதிமன்றத்தில் அது சரி. லைசென்ஸ் கொடுக்கும் ஆணையத்தில் அதே முறையைக் கடைப்பிடித்தால் கதவு ஒரு பக்கத்துக்கு மட்டுமே திறக்கும், ஏனென்றால் லைசென்ஸ் வைத்திருப்பவர் எப்போதும் உள்ளேதான் இருக்கிறார். நிகழ்ச்சியில் தலையிடாதே என்ற கொள்கை இங்கே பொருந்தவே இல்லை. மக்கள் சொத்தான அலைவரிசையை வாங்கி அந்த மக்களில் பாதியை மறைத்தவனுக்கு அதைத் திரும்பக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி, எந்த நிகழ்ச்சி போட வேண்டும் என்பது அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கூடிய கூர்மை லோவிஞ்சருக்கு நிச்சயம் இருந்தது, மத நிகழ்ச்சி விஷயத்தில் அதைக் காட்டியும் இருக்கிறார்.

பிரித்துப் பார்த்தது மேல்முறையீட்டு நீதிமன்றம். 1966 மார்ச்சில் நீதிபதி வாரன் பர்கர், பார்க்கிற கேட்கிற மக்களுக்கு வழக்காடும் தகுதி உண்டு என்று தீர்ப்பளித்து விசாரணைக்கு உத்தரவிட்டார். பர்கர் பழமைவாதி என்று பெயர் எடுத்தவர் என்பதால் தீர்ப்பின் எடை இன்னும் கூடியது. ஆணையம் விசாரணை நடத்தி 1968இல் மறுபடியும் அதே நிலையத்துக்கு லைசென்ஸ் கொடுத்தது. இந்த முடிவை லோவிஞ்சர் தலையில் கட்ட முடியாது, ஆணையத்தின் மொத்தப் போக்கே அப்படி இருந்தது. 1969 ஜூனில், அமெரிக்காவின் தலைமை நீதிபதியாகப் பதவியேற்கும் சில நாள் முன்னால், பர்கர் அந்த லைசென்ஸை ரத்து செய்தார். மக்கள் தரப்பை வாதி மாதிரியும் நிலையத்தைப் பிரதிவாதி மாதிரியும் வைத்து, நிரூபிக்கும் சுமையை மக்கள் மேல் ஏற்றிவிட்டீர்கள் என்பது அவருடைய கண்டனங்களில் ஒன்று. நீங்கள் நீதிமன்றம் அல்ல என்று ஒரு நீதிபதி ஆணையத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்தது ஐ.டி.டி.யும் ஏ.பி.சி.யும். பல நாடுகளில் தொலைபேசித் தொழில் நடத்திய மாபெரும் நிறுவனம் ஐ.டி.டி., மூன்று தேசியத் தொலைக்காட்சி வலையமைப்புகளில் நலிந்தது ஏ.பி.சி. முன்னது பின்னதை வாங்க விரும்பியது. 1966 செப்டம்பரில் ஆணையம் இரண்டே நாள் விசாரித்தது. டிசம்பர் 21இல் 4க்கு 3 என்ற வாக்கில் சம்மதம். பார்ட்லி, காக்ஸ், நிக்கலஸ் ஜான்சன் மூவரும் எதிர்ப்பு. லோவிஞ்சர் சம்மதித்த நால்வரில் ஒருவர். ஏகபோகத் தடுப்பை மதம் போல நம்புகிறேன் என்றவர்!

சம்மதித்தவர்கள் சொன்ன காரணம் அப்படியே தள்ளக் கூடியது அல்ல. ஏ.பி.சி.யிடம் பணம் இல்லை, ஐ.டி.டி.யின் பணம் வந்தால் மற்ற இரண்டு பெரிய வலையமைப்புகளோடு அது நன்றாகப் போட்டி போடும், ஆகவே போட்டி கூடும் என்றார்கள். ஆனால் லோவிஞ்சர் உட்கார்ந்திருந்த அதே ஏகபோகத் தடுப்புப் பிரிவு, இப்போது டொனால்ட் டர்னர் தலைமையில், குறுக்கே வந்தது. மறுவிசாரணை நடந்தது. அதில் வெளியான ஐ.டி.டி.யின் உள் ஆவணங்கள் கதையைத் திருப்பிப் போட்டன. 1970 வரைக்கும் ஏ.பி.சி.யிலிருந்து சுமார் 10 கோடி டாலர் ரொக்கம் எடுத்து வேறு தொழில்களில் போடலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். செய்தியாளர்களை ஐ.டி.டி. ஆட்கள் தொலைபேசியில் நெருக்கியதும் அதே விசாரணையில் சாட்சியமாக வந்தது. வெளிநாட்டு அரசுகளோடு வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனம் நாளைக்கு ஏ.பி.சி. செய்திப் பிரிவை எப்படி நடத்தும் என்று கவலைப்பட்டவர்களுக்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? இவ்வளவுக்குப் பிறகும் 1967 ஜூனில் வாக்கு அதே 4க்கு 3. லோவிஞ்சரும் அசையவில்லை. நீதித்துறை மேல்முறையீட்டுக்குப் போனது, 1968 புத்தாண்டு அன்று ஐ.டி.டி. தானே விலகிக்கொண்டது.

முதல் வாக்கை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, இரண்டாவதை முடியவில்லை. பிலடெல்பியா வழக்கில் சேருகிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்ற இடத்துக்குச் சட்டத்தைக் கொண்டுபோனவர், இங்கே சேருகிறவர் சொன்னதை அப்படியே ஏற்றார். அரசு வக்கீலாக இருந்தபோது அவரே தேடிப் போய்த் தோண்டினார், ஆணையராக மறுபடி மேடைக்கு மேலே உட்கார்ந்ததும் முன்னால் வைத்ததை மட்டும் பார்த்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

1968 ஜூனோடு அவர் எஃப்.சி.சி.யை விட்டார். அந்த வருடத் தொடக்கத்தில் ஏ.டி. அண்ட் டி. என்ற தொலைபேசி நிறுவனம் 911 என்ற அவசர எண்ணை அறிவித்தது, பிப்ரவரி 16இல் அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில் முதல் அழைப்பு ஒலித்தது. நாடு முழுக்க ஒரே எண் வேண்டும் என்று வேலை செய்தவர்களில் லோவிஞ்சரும் ஒருவர். அப்புறம் ஹோகன் அண்ட் ஹார்ட்சன் என்ற வாஷிங்டன் வக்கீல் நிறுவனத்தில் பல வருடம் இருந்தார். விஞ்ஞான சாட்சியத்தை நீதிமன்றம் எப்படி எடைபோட வேண்டும் என்பது பற்றி எண்பது வயதிலும் எழுதிக்கொண்டிருந்தார். 2004 ஏப்ரல் 26இல், 91ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் கழித்துக் காலமானார்.

அவர் பிடித்த பிடி பிற்பாடு பாதி வென்றது. நியாயக் கோட்பாட்டை எஃப்.சி.சி. 1987இல் கைவிட்டது, கிட்டத்தட்ட அவர் சொன்ன காரணங்களுக்காகவே. மறுபாதியில் ஜாக்சன் மக்கள் வென்றார்கள். டபிள்யூ.எல்.பி.டி. 1971இல் தற்காலிகமாக ஒரு லாப நோக்கில்லாத அமைப்பின் கைக்குப் போனது. அடுத்த வருடம் வில்லியம் டில்டே அதன் பொது மேலாளரானார். பெரிய வலையமைப்போடு இணைந்த ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையத்தை நடத்திய முதல் கறுப்பினத்தவர் அவர்.